கேட்டதும் சொன்னதும்: மகள் விரும்பும் மின் கிதார்

சென்ற திங்கள் இப்பகுதியில் மாவரைக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்பாக வந்த கடிதங்களுக்கு இடையே, மாவுக்கும் இயந்திரத்துக்கும் சற்றும் தொடர்பில்லாத கடிதம் ஒன்றும் இருந்தது. அண்மையில் கொல்கத்தாவிலிருந்து நாகபுரிக்கு மாற்றலாகி வந்த குடும்பத்துச் சகோதரி ஒருவர் எழுதியது. அவருடைய 15 வயது மகள் ஒன்றரை ஆண்டாகத் தோழியின் சாதாரணக் கிதாரை இரவல் வாங்கிப் பழகி வருகிறாளாம். இப்போது ராக், புளூஸ் என்னும் இசை வகைகளில் மனம் சென்றுவிட்டது. ஒரு பக்கம் மட்டும் வளைத்து வெட்டிய மின் கிதார்தான் வேண்டும் என்கிறாள். அவள் தந்தையாரோ, "பாட்டியின் வீணையே உறை மூடிக் கிடக்கிறது; இதுவும் ஓராண்டில் பரணுக்குத்தானே போகப் போகிறது?" என்கிறார். மொத்தத்தில் 30,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது. "வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?" என்பது சகோதரியின் கேள்வி.

முதற் கேள்விக்கு விடை எளிது. வாங்கலாம். இரவல் கருவியில் ஒன்றரை ஆண்டு விடாமல் பழகிய பெண்ணின் ஆசையை ஒரு நாள் ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றியும், மின் கிதாரின் தந்திகள் மெல்லியவை. விரற்பலகைக்கு நெருக்கமாக அமைந்தவை. சாதாரணக் கிதாரில் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரலுக்கு இது இதமாகவே இருக்கும். இரண்டாம் கேள்விதான் நீண்ட விடையை வேண்டுவது.

கிதாரின் உறுப்புகளுக்கு நம் வீணையின் பெயர்களையே இங்குச் சொல்கிறேன், தந்தையாருக்கும் விளங்கும். தந்தியை முறுக்குவன பிரடைகள். தந்தி தாங்கி நிற்பது குதிரை. விரல் வைக்கும் உலோகக் கட்டைகள் மெட்டுகள். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் நிற்கின்றன. கிதாரில் மரத்தில் இறுக்கி அடிக்கப்பட்டுள்ளன. உடலின் அருகே உள்ள உயர்ந்த மெட்டுகளைக் கை எட்ட வேண்டும் என்பதற்காகவே கழுத்தின் கீழ்ப்புறத்தில் உடலை வளைத்து வெட்டுகிறார்கள். ஒரு புறம் மட்டும் வெட்டியது ஒற்றை வெட்டு. இரு புறமும் வெட்டியது இரட்டை வெட்டு. இவ்வளவே வேறுபாடு. வெட்டு கைக்கு வசதி. ஓசை பிறப்பது அதனால் அன்று.

இது நிற்க. இந்தக் கருவி யாருடைய தேவையினால் வளர்ந்தது என்பதை நம்போன்ற குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பிழைப்பை நாடி வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் தம் ஊர்ப் பாட்டையும் உடன் கொண்டு சென்றனர். மிசிசிப்பியில் வளர்ந்த மடி வாட்டர்ஸ் 1943-ஆம் ஆண்டு சிகாகோவுக்கு வந்தார். கிராமத்துத் திண்ணையில் கேட்ட மரக் கிதாரின் ஒலி, நகரத்து மதுக்கடைகளின் இரைச்சலில் எடுபடவில்லை. ஆகவே அவர் மின் கிதாரைக் கையில் எடுத்தார். ஊர்விட்டு ஊர் வந்தவன் தன் குரல் கேட்கவேண்டும் என்று தேடிய வழி என்றே இதைச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவர் கையில் இருந்தது ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர். அதுவும் ஒற்றை வெட்டுக் கிதாரே.

எனினும் "ஒற்றை வெட்டு" என்றதும் இளைஞர் மனத்தில் எழும் உருவம் கிப்ஸன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் கிதார். லெஸ் பால் என்பது அதற்குப் பெயர் தந்த இசைக் கலைஞரின் பெயர். மகோகனி மர உடலின்மேல் மேப்பிள் மரத் தகடு ஒட்டிய கனத்த கருவி அது. டெக்ஸாஸிலிருந்து குடும்பத்துடன் சிகாகோ வந்த ஃபிரெட்டி கிங் என்னும் புளூஸ் கலைஞர் பொன்னிறமான லெஸ் பாலை வாசித்தார். அவர் புகழ்பெறச் செய்த "ஹைட் அவே" என்ற உருப்படியை எரிக் கிளாப்டன் என்ற ஆங்கில இளைஞர் 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு தாமும் லெஸ் பாலிலேயே பதிவு செய்தார். வேடிக்கை என்னவெனில், கிப்ஸன் நிறுவனம் அதற்குள் அந்தப் பழைய வடிவத்தை நிறுத்தியிருந்தது. 1961-இல் மெல்லிய இரட்டை வெட்டு வடிவத்துக்கு மாறிய அவர்கள், இளைஞர்கள் பழையதையே தேடி அலைவதைக் கண்டு 1968-இல் ஒற்றை வெட்டை மீண்டும் செய்யத் தொடங்கினர்.

அந்தக் கருவியில் இளைஞர்களைக் கவர்ந்தது எது? கிதாரின் தந்திகளுக்கு அடியில் காந்தத்தின்மேல் கம்பி சுற்றிய பிக்கப் என்னும் உறுப்பு உண்டு. எஃகுத் தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. ஆம்பிளிஃபயர் அதைப் பெருக்கி ஒலியாக்குகிறது. ஒரே சுருள் உள்ள பிக்கப், வீட்டு மின்சாரத்தின் அதிர்வையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் அது நொடிக்கு 50 அதிர்வு. வண்டு ரீங்காரம்போல் கேட்கும். கிப்ஸன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியாளர் இரு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி அடுத்தடுத்து வைத்தார். ஒன்று வாங்கும் ரீங்காரத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. தந்தியின் ஒலியோ இரட்டிக்கிறது. ரீங்காரத்தை ஒழிப்பது என்னும் பொருளில் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர் வந்தது. 1957 முதல் லெஸ் பாலில் அதுவே இடம்பெற்றது. தடித்த, இனிய, நீண்டு ஒலிக்கும் நாதம் அதனுடையது. மகள் விரும்பும் ஓசைக்குக் காரணம் பெரிதும் இந்த இரட்டைச் சுருளும், அதன்பின் நிற்கும் ஆம்பிளிஃபயருமே.

இன்று அசல் கிப்ஸன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் நம் நாட்டில் இரண்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். ஆதலின் அதை மறந்துவிடலாம். அந்தப் பெயரைத் தலைப்பகுதியில் பொறித்து யாரேனும் 20,000 ரூபாய்க்குத் தர முன்வந்தால், அது கிப்ஸன் அன்று என்று தெளிக. ஆனால் ஒரு செய்தியை மட்டும் மறக்க வேண்டாம். 1954-ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் மாணவர்களுக்கென்று லெஸ் பால் ஜூனியர் என்ற மலிவான கருவியைச் செய்தது. மேப்பிள் தகடு இல்லை, அலங்காரம் இல்லை, பிக்கப் ஒன்றே ஒன்று. மாணவர் கருவி என்று எண்ணிச் செய்த அதனையே பின்னாளில் லெஸ்லி வெஸ்ட் போன்ற பெரும் ராக் கலைஞர்கள் விரும்பி ஏந்தினர். குறைத்துச் செய்ததில் அவர்கள் கழுத்தையும் மெட்டையும் குறைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இங்கு என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை மகனுக்கு இத்தகைய கிதார் ஒன்றை வாங்கித் தந்தேன். கடைக்காரர் கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்துக் காட்டினார். நடுவில் தேன் நிறம், ஓரத்தில் கருஞ்சிவப்பு. மரத்தின் வரிகள் புலித்தோல் போல் மின்னின. விலையோ வியக்கத்தக்க குறைவு. அந்த வரிகள் மரத்தில் இல்லை, மேலே ஒட்டிய அச்சுத் தாளில் இருந்தன என்று பின்னர் அறிந்தேன். அதனால் கேடு ஒன்றும் இல்லை. கேடு கழுத்தில் இருந்தது. அது சிறிது முறுக்கிக் கொண்டிருந்தது. ஒன்பதாம் மெட்டுக்கு மேல் எந்தத் தந்தியை அழுத்தினாலும் ஓசை செத்து விழும். பையன் ஆறு மாதம் முயன்றான். "எனக்குக் கை வரவில்லை, மாமா" என்று சொல்லி நிறுத்திவிட்டான். நானும் அவனுக்குச் சோம்பல் என்றே எண்ணினேன். வேறொரு சமயம் பழுது பார்ப்பவர் ஒருவர் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் யார் வாசித்தாலும் இப்படித்தான்" என்றார். சீர்செய்யும் கூலி, வாங்கிய விலையைவிட மிகுதி. பழுது கருவியில் இருந்தது. பழி அவன் விரல்மேல் விழுந்தது. அவன் பிறகு கிதாரைத் தொடவில்லை. நாகபுரித் தந்தையார் பரணைப் பற்றிச் சொன்னதை நான் எளிதில் தள்ளாததற்கு இதுவே காரணம். கருவிகள் பரணுக்குப் போவது உண்டுதான். ஆனால் பல வேளைகளில் அவற்றை ஏற்றிவிடுவது குழந்தையின் சோம்பல் அன்று.

ஆகவே கடையில் நிற்கும்போது ஒரே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிறு செலவில் மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது? பிரடை சற்று தளர்ந்திருந்தால் மாற்றலாம். தலைப்பக்கத்தில் தந்தி பதியும் நட் என்னும் சிறு கட்டை மட்டமான பிளாஸ்டிக்காக இருந்தால் மாற்றலாம். சுவிட்சு கரகரத்தால் மாற்றலாம். பிக்கப்பைக்கூட இரண்டு மூன்று ஆண்டு கழித்து மகளே தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். முறுக்கிய கழுத்தையும் ஒழுங்கற்ற மெட்டுகளையும் மாற்றப் புகுந்தால் புதுக் கருவியே வாங்கிவிடலாம்.

சோதிக்கும் முறை கடினமன்று. கிதாரைத் துப்பாக்கிபோல் நீட்டிப் பிடித்து, உடற்பக்கத்திலிருந்து கழுத்தின் இரு விளிம்புகளையும் நோக்குங்கள். இரண்டும் ஒன்றற்கொன்று இணையாக ஓட வேண்டும். முன்னோ பின்னோ சிறிது வளைந்திருந்தால் அஞ்ச வேண்டாம். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்னும் இரும்புக் கோலைத் திருகி நிமிர்த்தலாம். முறுக்கு மட்டும் கூடாது. பிறகு மகளை ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை. எங்கேனும் ஓசை செத்தாலோ, தகரம்போல் அதிர்ந்தாலோ, வேறு கருவியைக் கேளுங்கள். பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே தடித்த தந்தியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும், மெல்லிய தந்தியில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டரும் இருப்பது நலம். அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரம், அழுத்தாத தந்தியின் மேல் ஸ்தாயியாக ஒலிக்க வேண்டும். சற்றுப் பிசகினால் குதிரையின் திருகுகளை நகர்த்திச் சரிசெய்வார்கள். கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

இழுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. வீணையில் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டுகிறோம் அன்றோ? புளூஸ் இசையின் உயிரும் அதுவே. ஒரு சுரத்தைப் பிடித்து, தந்தியை வளைத்து, அடுத்த சுரத்துக்கு ஏற்றுவார்கள். அப்படிச் சில முறை இழுத்து விட்டபின் தந்தி பழைய சுருதிக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் நட் தந்தியைப் பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். லெஸ் பால் வகையில் நட்டுக்கும் குதிரைக்கும் இடையே தந்தியின் நீளம் 24.75 அங்குலம், டெலிகாஸ்டரில் 25.5 அங்குலம். நீளம் குறைவதால் அதே தந்தி சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இழுப்பது இளங்கைக்கு எளிது. மகளின் விருப்பத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருப்பதைத் தந்தையார் ஒப்புக்கொள்ளலாம்.

இனிப் பெயர்கள். எபிஃபோன் என்பது கிப்ஸனின் உறவுதான். நியூயார்க்கில் குடியேறிய ஒரு கிரேக்கக் குடும்பம் வளர்த்த நிறுவனம். 1957-இல் கிப்ஸனின் தாய் நிறுவனம் அதை வாங்கியது. இன்று லெஸ் பால் என்னும் பெயரையே தாங்கிக் குறைந்த விலையில் வருவன எபிஃபோன் கருவிகள். அவற்றுள் கழுத்தைத் திருகாணியால் பொருத்திய எளிய வகைகள் நம் கணக்குக்குள் வரலாம். திருகாணிக் கழுத்தைத் தாழ்வாக எண்ண வேண்டாம். ஒட்டிய கழுத்தைவிடப் பழுது பார்ப்பது எளிது. கோர்ட் என்பது கொரிய நிறுவனம், நீதிமன்றம் அன்று. அதன் சி.ஆர். வரிசை ஒற்றை வெட்டும் இரட்டைச் சுருள் பிக்கப்புகளும் கொண்டது. விலைக்கு மிஞ்சிய ஒழுங்கு அவற்றில் பெரும்பாலும் இருக்கிறது என்பது என் கருத்து. எல்.டி.டி. என்னும் பெயரில் வரும் ஈ.சி. வரிசை ராக் இசைக்கு ஏற்றது. ஃபெண்டரின் இளைய பெயரான ஸ்க்வயரில் டெலிகாஸ்டர் கிடைக்கும். ரீங்காரத்தைப் பொறுத்துக்கொண்டால் புளூஸுக்கு அதன் கூர்மையான குரல் மிக நன்று. நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது: இந்த ஒற்றை வெட்டு வடிவம் யாருக்குச் சொந்தம் என்று கிப்ஸன் நிறுவனம் பால் ரீட் ஸ்மித் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பால் ரீட் ஸ்மித்துக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பெயர் எதுவாயினும், ஒரே பெயருள்ள இரு கருவிகள் ஒன்றுபோல் இரா. ஆகவே கையில் எடுத்துப் பார்க்காமல் அஞ்சலில் வரவழைக்க நேர்ந்தால், திருப்பி அனுப்பும் உரிமை உண்டா என்பதை முதலில் கேளுங்கள். மும்பையில் தோபி தலாவ், கொல்கத்தாவில் லால் பஜார், தில்லியில் தரியாகஞ்ச் ஆகிய இடங்களில் இசைக் கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. அவ்வழியே செல்லும் உறவினர் இருந்தால் மகளையும் உடன் அனுப்புங்கள். கனத்தையும் அவளே தோளில் மாட்டிப் பார்க்கட்டும். இவ்வகையில் 4 கிலோவை எட்டும் கருவிகள் உண்டு. ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் அகலமான தோள்பட்டை இல்லாமல் முடியாது.

பணத்தைப் பங்கிடுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். முப்பதாயிரத்தையும் கிதாருக்கே கொடுத்துவிட்டு, ஆம்பிளிஃபயருக்கு ஒன்றும் மிஞ்சாமல் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். மின் கிதாரில் பாதிக் கருவி அதுவே. கிதாருக்கு 18,000 முதல் 20,000 வரை, ஆம்பிளிஃபயருக்கு 7,000 அல்லது 8,000, எஞ்சியது உறை, கம்பி, தோள்பட்டை, சுருதி காட்டும் கருவி, பழுது பார்ப்பவரின் கூலி ஆகியவற்றுக்கு என்று வகுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 10 வாட் போதும். ஃபெண்டர் ஃபிரண்ட்மன், மார்ஷல் எம்.ஜி. ஆகிய வரிசைகளில் அந்த அளவில் சிறியன உண்டு. காதில் மாட்டும் ஹெட்ஃபோனுக்குத் துளை இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். அடுக்கு வீட்டில் கீழ்த்தளத்தாரின் நட்பு அந்தத் துளையைப் பொறுத்தது! கிதாரில் கணக்குக்கு மேலே போக வேண்டுமானால் நன்கு பேணப்பட்ட பழைய கருவியைத் தேடுங்கள். மேற்சொன்ன சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கருத்துடன் படிக்க வேண்டும். மின் கிதாரின் தந்திகள் குதிரை வழியாக ஆம்பிளிஃபயரின் உலோக உடலோடும், அதன் மூலம் மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையோடும் இணைந்திருக்கின்றன. வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அது காப்பு. எர்த் இல்லாத வீட்டில் ஆம்பிளிஃபயருக்குள் மின்சாரம் கசிந்தால் அது தந்திக்கும், தந்தியைத் தொட்ட கைக்கும் வந்து சேரும். பழைய கட்டடங்களில் மூன்று துளை இருக்கும். மூன்றாவது துளையின் பின்னால் கம்பியே இராது. மின் பணியாளரை அழைத்து விளக்கு வைத்துச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுங்கள். இரு முனை அடாப்டரில் செருகி ஒப்பேற்றுவதோ, எர்த் முனையை ஒடித்துவிடுவதோ ஒருபோதும் கூடாது. தந்தியைத் தொடும்போது கை சிலிர்த்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். இந்த ஒன்றில் தந்தையார் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் நான் அவர் பக்கமே.

கடைசியாக, மாற்றலைப் பற்றி. கொல்கத்தாவின் ஈரக் காற்றில் இருந்த மரம் நாகபுரிக் கோடையில் சுருங்கும். அப்போது விரற்பலகை ஒடுங்கி, மெட்டுகளின் முனைகள் வெளியே நீண்டு கையைக் கீறும். கழுத்தும் சிறிது வளையும். இது பழுதன்று. புது ஊர்க் காற்றுக்கு மரம் இரண்டு மூன்று வாரம் பழகட்டும். பின்னர் அரம் தேய்த்து முனையை மழுக்கி, டிரஸ் ராடைக் கால் திருகளவில் சரிசெய்தால் போதும். ரயிலில் கொண்டு செல்லும்போது கவனம் வேண்டியது தலைப்பகுதிக்கு. கிப்ஸன் வழி வந்த கிதார்களில் அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கருவி மல்லாந்து விழுந்தால் முதலில் முறிவது அந்த இடமே. தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, கழுத்துக்கு அடியில் பழைய புடைவையைச் சுருட்டி வைத்து, கடினமான பெட்டியில் இட்டு, மேல் படுக்கையில் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சாமான் வண்டியில் போட வேண்டாம்.

கடைக்குச் சென்று வந்தபின் எந்தக் கருவி கைக்கு இசைந்தது என்று சகோதரி ஒரு வரி எழுதினால் மகிழ்வேன். பாட்டியின் வீணைக்கு மெழுகு கட்டி மெட்டுப் பதிக்கும் ஆள் நாகபுரியில் எவரேனும் உளரா என்று அவரே கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறார். அறிந்த அன்பர்கள் சங்க முகவரிக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.